அரை வேகன் தூரம்

பெரியபாளையம்
18 பிப்ரவரி 2024

ஹேமநாத்,

விசாரணை நடந்த அன்று மேனேஜர் துளசிராமன் சார் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சம்பவம் நடந்தப்போ நீ எங்கம்மா இருந்தே?" நான், "வேகன் நம்பர் எழுதிக்கினு இருந்தேன் சார்" என்றேன். அது பொய்யில்லை. என் ஒரு கையில் நோட்டு இருந்தது. மற்றக் கையில் வாக்கி டாக்கி இருந்ததை நான் சொல்லவில்லை.

நீங்கள் நான்கு தடவை போன் செய்தீர்கள். நான் எடுக்கவில்லை. கோபத்தினால் அல்ல. பேசினால் பாதியை முழுங்கிவிடுவேன். தாளில் எழுதினால் முழுச் சொல்லும் போய்ச் சேரும். உங்கள் விடுதி முகவரியைப் பச்சையப்பன் அண்ணனிடம் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை யாரும் முழுதாகக் கேட்கவில்லை. ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 21, ஞாயிறு. ஆலைக்கு விடுமுறை. அதன் ரயில் யார்டில் நாம் நான்கு பேர். எஞ்சினில் நீங்கள், உங்களுக்குச் சைகை சொல்லப் பச்சையப்பன் அண்ணன், வேகன் எண் எழுத நான், டீ கொண்டுவர முத்தம்மா அக்கா. ஒன்பது மணிக்கு அண்ணன் என்னிடம் வந்தார்.

"பானு, பாப்பாவுக்குக் கோயில்ல காது குத்துறாங்கம்மா. மாமன் மடியில ஒக்காந்துகினு அப்பன் எங்கன்னு அழும். பன்னண்டுக்குள்ள வந்துர்றேன். இந்த வாக்கி டாக்கிய கொஞ்சம் வெச்சிகினு இரு."

எனக்கு அந்த வேலைக்கு அனுமதி கிடையாது. ஆனால் இரண்டு வருடமாகத் தினமும் காதில் விழுந்ததால் எல்லாம் மனப்பாடம். நாம் நண்டு என்று கூப்பிடுகிற எஞ்சின் சின்னதுதான், ஆனாலும் வேகன்களுக்குப் பின்னாலிருந்து தள்ளும்போது உங்களுக்கு முன்னால் எதுவும் தெரியாது. தண்டவாளம் முடியும் இடத்திலிருக்கும் முட்டுக்கட்டைக்கு இன்னும் எத்தனை வேகன் தூரம் என்று முன்னால் நிற்பவர் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அஞ்சு, மூணு, ஒண்ணு, அரை, நில்லு. இரண்டு தடவை சரியாகச் சொன்னேன். நண்டும் சொன்ன இடத்தில் நின்றது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது தடவை "மூணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், முத்தம்மா அக்கா டீ கேனோடு தண்டவாளத்தைத் தாண்டுகிறாள். சேலை முந்தானை எதிலோ மாட்டிக்கொண்டது. குனிந்து நிதானமாக அதை எடுக்கிறாள், அவள் வீட்டுக் கொடியில் துணி எடுப்பதைப் போல.

அந்த நேரத்துக்கு உரிய சொல் "நில்லு." என் வாயில் வந்ததோ வீட்டுச் சொல். "வாணாம்." குழந்தை அடுப்புப் பக்கம் தவழ்ந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் கத்துகிற சொல். "வேண்டாம்னு சொல்றதுக்கு வான்னு ஆரம்பிக்கிறீங்களே, வர்றவன் வர்றதா போறதா" என்று நீங்கள் இரண்டு வருடமாகக் கேலி செய்த சொல். சொல்லும்போதே ஓட ஆரம்பித்துவிட்டேன். பேசும்போது அழுத்திப் பிடிக்க வேண்டிய பொத்தானைக் கட்டைவிரல் பாதியில் விட்டுவிட்டது. வாக்கி டாக்கி கீழே விழுந்தது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்த அதே நொடியில் வேகன் எங்களைத் தாண்டிப் போய், முட்டுக்கட்டையைப் பெயர்த்துக்கொண்டு, பின்னாலிருந்த கொட்டகைச் சுவரில் இடித்து நின்றது.

உங்கள் காதில் விழுந்தது "வா" மட்டும்தான், இல்லையா?

விசாரணையில் நீங்கள், "சைகை வரலை சார், நானாத்தான் தள்ளினேன்" என்றீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். உங்கள் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் இப்போதும் வேகன் எண் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

பானு


அரியலூர்
26 பிப்ரவரி 2024

பானு மேடம்,

உங்கள் கடிதம் வந்தது. இந்த விடுதியில் யாருக்கும் கடிதம் வந்து மூன்று வருடமாகிறதாம். தபால்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோர்ட்டு நோட்டீஸா தம்பி?" என்றார். இல்லை என்றேன். "அப்ப கல்யாணப் பத்திரிகையா?" என்றார். அதுவும் இல்லை என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

இங்கே ஒரு சிமென்ட் ஆலையில் வேகன்களை மாட்டிக் கழற்றுகிற வேலை. எஞ்சின் மேல் ஏற விட மாட்டார்கள். என் சான்றிதழ் துளசிராமன் சார் மேசை இழுப்பறையில் அல்லவா தூங்குகிறது. இங்குள்ள எஞ்சின் நண்டைவிடப் பெரியது. ஆனால் சளி பிடித்தவன் மாதிரி இருமிக்கொண்டே இருக்கிறது. அதை ஓட்டுகிறவரும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கொக்கி மாட்டுகிறேன். மாலையில் கண்ணாடியில் பார்த்தால் நானே ஒரு மூட்டை சிமென்ட் மாதிரி இருக்கிறேன்.

இங்கே முன்னால் நின்று தூரம் சொல்வதும் என் வேலைதான். முதல் நாள் "அரை" என்று சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எஞ்சினில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வெறும் எண். முன்னால் நிற்பவருக்கு அப்படி இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் மூன்று பேருக்கு வேலை போகும். நான் சொன்ன மாதிரி சொன்னால் ஒருவனுக்கு. அண்ணனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் யார்டு ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படிப்பீர்கள், புரட்டுகிற சத்தம் எஞ்சின் வரைக்கும் கேட்கும் என்று அண்ணன் சொல்வார். அந்த ஜன்னலிலிருந்து உங்களை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. எனக்கு எங்கே போனாலும் ஒரு தண்டவாளம் கிடைக்கும். இதோடு விட்டுவிடுங்கள்.

முத்தம்மா அக்காவுக்குப் புது கேன் கிடைத்ததா?

ஹேமநாத்

வேகன் எண்ணில் ஐந்தாவது, ஆறாவது இலக்கம் அது பிறந்த வருடம் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். நேற்று ஒன்று வந்தது, 98. உங்கள் வயதுக்காரி. பக்கவாட்டில் கொஞ்சம் துரு. மற்றபடி நன்றாக இருக்கிறாள்.


பெரியபாளையம்
10 மார்ச் 2024

ஹேமநாத்,

துருவைப் பற்றி எழுதியதைப் படித்து இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்துக்கொண்டு போனது என் தப்பு. என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனீர்கள். ஜன்னலைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், சரி. அதன் வழியாக நான் எதைப் பார்ப்பது? நண்டுக்குப் புதிதாக அன்புசெல்வன் என்று ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். ஹாரனை மட்டும் கல்யாண மேளம் மாதிரி நீட்டி அடிக்கிறார். அவரிடம் எல்லாரும் சொல்கிற முதல் கதையே, "உனுக்கு முன்னாடி இருந்தவன் தூங்கிகினே வண்டிய வுட்டுட்டாம்பா" என்பதுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண் எழுதுகிறேன்.

அந்தப் பதினோரு இலக்கத்தில் கடைசி இலக்கம் எதற்கு என்று சொன்னது நினைவிருக்கிறதா? முன்னால் உள்ள பத்தும் சரியா என்று அதை வைத்துப் பார்க்கலாம். ஒன்று தவறினாலும் அது ஒத்துவராது. ஜனவரியிலிருந்து என்னிடம் ஏதோ ஒன்று அப்படித்தான் ஒத்துவராமல் இருக்கிறது. புத்தகம் திறந்தால் ஒரே பக்கத்தில் அரை மணி நேரம் இருக்கிறேன்.

முத்தம்மா அக்காவுக்குப் புது கேன் வந்துவிட்டது. விசாரணையில் "நான் ஒண்ணியும் பாக்கலப்பா, கேனு நசுங்கினதத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், நேற்று டீ ஊற்றும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கைய புட்ச்சி இஸ்தியே, இன்னும் வலிக்குதுடி" என்றாள். "டாக்டராண்ட போலாமாக்கா?" என்றேன். "வாணாம். வலிக்கசொல்லோ வேல போன அந்தப் புள்ளைய நெனச்சிக்கறேன். வலி போய்ட்சின்னா மறந்துட்டா?"

அதன் பிறகு பச்சையப்பன் அண்ணனிடம் பேசினேன். சொல்லப் போகிறேன், உங்கள் பெயரும் வரும் என்றேன். அவர் கையிலிருந்த சைகைக் கொடியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார்.

"இன்னாம்மா, இப்பப் போயி சொல்லி இன்னா ஆவப்போவுது? அவன் போய்ட்டான். நாம கீறோம்."

கொடியைச் சுருட்டி முடித்துவிட்டு அவரே, "பாப்பா கம்மல பாக்கசொல்லோல்லாம் எனக்கும் பேஜாராத்தான் கீது" என்றார். அதற்குமேல் அவரைக் கேட்க என்னால் முடியவில்லை. அவர் சரி என்று சொல்லும்வரை காத்திருப்பேன். ஆனால் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

என் தப்பை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்.

பானு


அரியலூர்
19 மார்ச் 2024

பானு,

மேடத்தை விட்டுவிட்டேன். கோபமாக இருப்பவரை மேடம் என்றால் கிண்டல் மாதிரி இருக்கும்.

நீங்கள் சாரிடம் போவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைத் தியாகி ஆக்கி மாலை போட்டுவிடாதீர்கள். சொல் காதில் விழுந்தால் ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று பதில் வந்த பிறகுதான் லீவரில் கை வைக்க வேண்டும். அன்று "மூணு" என்றீர்கள், திருப்பிச் சொன்னேன். அடுத்து வந்தது "வா." மூணுக்குப் பிறகு ஒண்ணுதான். வா என்று ஒரு சொல் நம் எண்ணிக்கையிலேயே கிடையாது. கேட்டதுமே நிறுத்தியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை.

காரணத்தை எழுதிவிடுகிறேன். எழுதுவதற்கு மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

அன்று காலை எட்டரைக்கு, டீ குடிக்கும்போது உங்களிடம் ஒன்று கேட்டேன். "ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரட்டுமா?" நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "எட்டாவது வேகனோட நம்பர் சரியா தெரியல, பாத்துட்டு வரேன்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனீர்கள். போனவர் திரும்பி வரவில்லை. பிறகு வாக்கி டாக்கியில் வந்ததும் வெறும் எண்கள்தான். பதினொன்றரைக்கு வாக்கி டாக்கியில் உங்கள் குரல். "வா."

ஒரு நொடிதான். அது வண்டிக்கா எனக்கா என்று யோசிக்கக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே லீவரைத் தள்ளினேன். துளசிராமன் சாரிடம் இதை எப்படிச் சொல்வது? "சார், பொண்ணு சரின்னுடுச்சின்னு நெனச்சிட்டேன்" என்றா? முத்தம்மா அக்கா அங்கே நின்றிருந்தாள் என்று பிறகு தெரிந்தபோது அந்த நசுங்கிய கேனைப் போய் எடுத்துப் பார்த்தேன். தூங்கிவிட்டேன் என்று அவர்கள் சொல்வது ஒரு வகையில் சரிதான்.

அதனால் உங்கள் தப்பு பாதிதான். மற்றது என்னுடையது. உங்கள் பாதியைத் திருப்பிக் கேட்கிறீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். என் பாதியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அதைத்தான் நான் செய்தேன். அது சரியில்லை என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இன்னொன்று. உங்கள் கட்டைவிரல் எதை முழுங்கியது என்று எழுதிப் பார்த்தேன். வாணாமில் "வா" எனக்கு வந்துவிட்டால் மிச்சம் "நாம்." அது மூன்று சுழி, இது வேறு எழுத்து என்று திருத்தாதீர்கள். வாக்கி டாக்கியில் சுழி தெரியாது.

ஹேமநாத்


பெரியபாளையம்
7 ஏப்ரல் 2024

ஹேமநாத்,

மார்ச் 28, வியாழக்கிழமை சொல்லிவிட்டேன்.

துளசிராமன் சார் அறைக்கு வெளியே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். பச்சையப்பன் அண்ணன். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, நெற்றியில் கோயில் குங்குமம். "இன்னாண்ணா?" என்றேன். "பாப்பா கேட்டுச்சி, எஞ்சின் மாமா எங்கன்னு. ஊருக்குப் போய்க்கிறாருன்னேன். எப்ப வருவாருன்னுது. வா, உள்ள போலாம்."

சார் நான் எழுதிக் கொண்டுபோன தாளை இரண்டு தடவை படித்தார். "நில்லுன்னு சொல்றதுக்கு இன்னாம்மா கஷ்டம்?" என்றார். வாயில் வரவில்லை சார் என்றேன். அவரும் எங்கள் பக்கத்து எளாவூர்க்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். "வாணாம்" என்று தனக்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு பாதியில் நிறுத்திச் சொல்லிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் கால் மணி நேரம் திட்டினார். செத்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

கடைசியில், "அந்தப் பையன் வான்னு கேட்டதும் ஏன் திருப்பிக் கேக்கல?" என்றார். "அத்த அவரையே கேளுங்க சார்" என்றேன். காலை எட்டரை மணிக் கேள்வியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது யார்டு விஷயம் அல்ல. உங்கள் பாதியைத் தொடவும் இல்லை.

ஆறு மாதத்துக்கு நான் யார்டுக்குள் போகக் கூடாது. உதிரிபாகக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. ஆணிகளும் நட்டுகளும் எண்ணுகிறேன். அவற்றுக்குப் பிறந்த வருடம் இல்லை. அண்ணனுக்குப் பதினைந்து நாள் பணியிடை நீக்கம். தோட்டத்தில் மிளகாய் போட்டிருக்கிறாராம். வேலை போகும் என்று நாம் மூன்று பேரும் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. உங்களை மறுபடி கூப்பிடுவார்கள் என்று சார் சொன்னார்.

யார்டு சுவரில் புதிதாகப் பெரிய எழுத்தில், ஆபத்துக்கு ஒரே சொல், "நில்" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே யாரோ கரித்துண்டால் "வேற இன்னா சொன்னாலும் வாணாம்" என்று எழுதிவிட்டார்கள்.

அந்தக் கிடங்கில் ஒரு வாரமாகப் புத்தகம் படிக்கிறேன். பக்கம் நகர்கிறது.

பானு

எட்டாவது வேகனின் எண் அன்று நன்றாகத்தான் தெரிந்தது.


அரியலூர்
2 மே 2024

பானு,

உங்கள் கடைசி வரியை மட்டும் தனியாக வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் சுப்பிரமணி எடுத்துப் படித்துவிட்டு, "வேகன் நம்பரை எதுக்குண்ணே பர்ஸ்ல வெச்சிருக்கீங்க?" என்றான். நல்லவேளை, அவனுக்கு வேறொன்றும் புரியவில்லை.

ஆலையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. 20ஆம் தேதி மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் சான்றிதழைத் திருப்பித் தருவார்களாம்.

ஆனால் அது ஆலை கூப்பிட்டது, நீங்கள் அல்ல. இங்கேயும் எஞ்சினில் ஏற்ற யோசிக்கிறார்கள், இருமுகிற அண்ணன் ஓய்வு பெறுகிறார். உங்களுக்குச் சங்கடமாக இருக்குமென்றால் நான் இங்கேயே இருந்துகொள்வேன். அப்போது நண்டை அன்புசெல்வனே வைத்துக்கொள்ளட்டும். ஒரு சொல் எழுதுங்கள். வரட்டுமா, வாணாமா?

இந்தத் தடவை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

ஹேமநாத்


பெரியபாளையம்
8 மே 2024

ஹேமநாத்,

வா.

பானு

கட்டைவிரலை எடுக்கவில்லை. சொல்லே அவ்வளவுதான்.


கும்மிடிப்பூண்டி ஆலை, கிடங்கு
26 மே 2024

ஹேமநாத்,

இதை அஞ்சலில் போடவில்லை. பச்சையப்பன் அண்ணன் கொண்டுவந்து தருவார்.

8ஆம் தேதி நான் எழுதிய கடிதம் நேற்று எனக்கே திரும்பி வந்துவிட்டது. உறைமேல் சிவப்பு மையில், "ஆள் விடுதியை விட்டுப் போய்விட்டார்." முத்திரையைப் பார்த்தேன். 13ஆம் தேதி அரியலூர் போயிருக்கிறது. நீங்கள் 11ஆம் தேதியே லால்குடிக்கு அம்மாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டீர்களாம், அண்ணன் சொன்னார்.

அப்படியென்றால் அதைப் படிக்காமலே வந்திருக்கிறீர்கள்.

இதை யோசிக்க எனக்கு ஒரு முழு இரவு தேவைப்பட்டது. நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் ஒரு வாரமாக உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டிருக்கிறேன். கிடங்கு வாசலில் மூன்று தடவை வந்து நின்றீர்கள். மூன்று தடவையும் நான் தலை நிமிராமல் ஆணி எண்ணினேன். மூன்றாவது தடவை "கிரீஸ் டப்பா ஒண்ணு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். பதிலே வராதவர் வேறு என்ன செய்வார்? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முத்தம்மா அக்கா பார்த்துவிட்டு, "இன்னாடி, கண்ணுல கிரீஸ் பட்ட்சா?" என்றாள்.

சொல் வாங்காமல் நகர்ந்தது உங்களுக்கு இது இரண்டாவது தடவை. துளசிராமன் சாரிடம் சொல்ல மாட்டேன்.

20ஆம் தேதி மூன்று வேகனைத் தள்ளிக்கொண்டு போய் முட்டுக்கட்டைக்கு அரை வேகன் தூரத்தில் நிறுத்தினீர்கள் என்று அண்ணன் சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னீர்களாம், சார் போதும் போதும் என்கிற அளவுக்கு. எனக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லை. ஆனால் நண்டின் சத்தம் கிடங்குச் சுவர் வழியாகக் கேட்டது. நின்ற இடமும் தெரிந்தது.

திரும்பி வந்த உறையை இதோடு வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. உள்ளே மரியாதை குறைவாக இருக்கும், வாக்கி டாக்கியில் பேசுவது மாதிரி. நீங்கள் பிரியுங்கள். பிரித்துத் திருப்பிச் சொல்லுங்கள்.

பானு


நண்டு
26 மே, மதியம்

திருப்பிச் சொல்கிறேன்: வா.

சரிதானா?

ஹேமநாத்


(அதே தாளின் கீழே, பானுவின் எழுத்தில்)

சரி.

2 ஜூன், ஞாயிறு. பத்தேகால் பேருந்தில் ஹேமநாத்தும் அவருடைய அம்மாவும் பெரியபாளையத்தில் இறங்கினார்கள். என் அப்பா பைக்கில் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஹேமநாத் பின்னாலேயே நடந்து வந்தார்.